சவரியம்மாளின் வாக்குமூலத்தில் இல்லாத வரி

உத்தமபாளையம் நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் சாட்சி சொல்லக் காத்திருந்தேன். பெயரைக் கூப்பிட இன்னும் சிறிது நேரமே இருந்தது. மோப்பநாய்ப் பிரிவில் வண்டி ஓட்டும் ஜெயராஜ் அண்ணன் கைபேசியில் அழைத்தார். சத்தமாகப் பேசிப் பழகியவர். அன்று குரல் எழும்பவில்லை. “சவரியக்கா போயிட்டாகம்மா” என்றார். காலையில் நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லியிருக்கிறார். மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்துவதற்குள் முடிந்துவிட்டது. அடக்கம் அன்று மாலையே, அவருடைய ஊரான அனுமந்தன்பட்டியில்.

நான் கூண்டில் ஏறினேன். உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பற்றி எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டவற்றுக்கெல்லாம் பதில் சொன்னேன். தெரியாத இரண்டு கேள்விகளுக்குத் தெரியாது என்றேன்.  வாய்தா கேட்டிருக்கலாமே என்று பிறகு சிலர் சொன்னார்கள். கேட்டிருந்தால் அக்காவே எழுந்து வந்து திட்டியிருப்பார்.

தலைமைக் காவலர் சவரியம்மாளை இந்தப் பள்ளத்தாக்கில் பலரும் மீராவோடு சேர்த்தே அறிவார்கள். மீரா அவர் பழக்கி வளர்த்த லாப்ரடார் நாய். இருவரும் வண்டியிலிருந்து இறங்கினால் பிள்ளைகள் மீராவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவரும் நானும் சேர்ந்து செய்த வேலை வெளியே அதிகம் தெரியாது. குற்றம் நடந்த இடத்தில் கிடக்கும் பொருளில், அதைத் தொட்டவரின் வாடை சில நாட்களுக்குத் தங்கியிருக்கும். வேகவைத்து உலர்த்திய பருத்தித் துணியை அந்தப் பொருளின் மேல் போர்த்தி, அலுமினியத் தாளில் சுற்றி அரைமணி நேரம் விட்டால் வாடை துணியில் ஏறும். துணியைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து முத்திரை வைப்போம். பின்னர் சந்தேகத்துக்குரிய ஆள் கிடைத்தால், அவருடைய வாடையையும் வேறு நான்கு பேருடைய வாடையையும் அதேபோலத் துணிகளில் எடுத்து ஐந்து ஜாடிகளை வரிசையாக வைப்போம். முதல் துணியை மோந்த நாய் எந்த ஜாடியின் முன் உட்காருகிறது என்று குறித்துக்கொள்வோம். அதை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது. ஆனால் பிடித்து உள்ளே வைக்க அது போதுமானதாக இருந்துவிடுகிறது. நான் எழுத வந்தது இதைப் பற்றித்தான்.

அவரோடு வேலை செய்யத் தொடங்கியபோது நான் தடய அறிவியல் பிரிவில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பதவியில் அவருக்கு மேலே இருந்தேன், வயதில் அவருடைய மகளைவிடக் கொஞ்சம் பெரியவள். மற்றவர்கள் முன்னால் மேடம் என்பார். தனியாக இருக்கும்போது நான் ‘பொஸ்தகம்’. வண்டியில் எப்போதும் எதையாவது வாசித்துக்கொண்டிருப்பேன். “பொஸ்தகம், எறங்கு. அங்கன ஒரு ஆளு நெசமாவே செத்துக் கெடக்கான். நீ கதையில செத்தவனப் பாத்துக்கிட்டிருக்க” என்பார். பெரிய நகைச்சுவை போலச் சொல்லமாட்டார். கையுறையை மாட்டிக்கொண்டே சொல்வார்.

துணியை வேகவைக்க அலுவலகத்தின் பின்கட்டில் ஒரு பெரிய இட்லிப் பாத்திரம் வைத்திருந்தார். அதை வேறு யாரும் தொடக்கூடாது. ஒருமுறை ஆய்வாளர் எட்டிப் பார்த்து, இன்றைக்குத் துணி இட்லியா என்று கேட்டார். “ஆமா சார், சட்னிதேன் இல்ல” என்றார் அக்கா, இடுக்கியைக் கீழே வைக்காமல். வாசனைச் சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது, வேலை நாட்களில் தலையில் பூ கிடையாது. ஞாயிறு பூசைக்கு மட்டும் அத்தனையையும் போட்டுக்கொண்டு போவார் என்று அவருடைய மகள் சொல்வாள். அன்று மீரா அவரைப் பார்த்துக் குரைக்குமாம்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில், நினைவு தப்பிய பெரியவர் ஒருவர் வீட்டைவிட்டு எங்கேயோ நடந்துபோய்விட்டார். அவருடைய துணி ஒன்று வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தோம். நாங்கள் போனபோது மருமகள் ஒரு தாம்பாளத்தில் வேட்டி வைத்திருந்தார். துவைத்து, நீலம் போட்டு, மடித்துத் தேய்த்த வேட்டி. காவல்துறையினர் கையில் அழுக்குத் துணியைக் கொடுக்கலாமா என்று அவசரமாக வெளுத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அக்கா வேட்டியை வாங்கிக்கொண்டு, “நல்ல மனசுதேன் ஆத்தா. ஆனா இதெ மோந்தா எங்க மீரா நேரா சோப்புக் கடைக்குத்தேன் போகும்” என்றார். மருமகள் சிரித்துவிட்டார். அதற்குள் அக்கா உள்ளே போய்ப் பெரியவர் படுக்கும் இடத்தைப் பார்த்து, யாரும் துவைக்காத தலையணை உறையை இடுக்கியால் எடுத்துவந்தார். பொழுது சாய்வதற்குள் பெரியவரை வாய்க்கால் ஓரத்தில் உயிரோடு கண்டுபிடித்தோம். திரும்பும்போது என்னிடம், அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை என்றார். நாம் போகிற இடமெல்லாம் நமக்கு மரியாதை செய்வார்கள், அந்த மரியாதையும் துணியில் ஒட்டும், அதை எதிர்பார்த்து வேலை செய்ய வேண்டியது நம் பொறுப்பு என்றார். நான் தலையாட்டிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

சில மாதங்கள் கழித்து உத்தமபாளையத்துக்கு அருகே ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போனோம். ஊரின் பெயர் வேண்டாம். தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த பெண்மணியைப் பின்னாலிருந்து கட்டையால் அடித்து, காதிலும் கழுத்திலும் இருந்தவற்றை யாரோ பறித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் உயிர் பிழைத்தார். அடித்தவனின் முகத்தைப் பார்க்கவில்லை. பந்தலடியில் அந்தக் கட்டை கிடந்தது. அந்தப் பெண்மணியின் கணவரான தோட்டத்துக்காரர் அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை. வந்தவன் கொண்டுவந்த கட்டை. எங்களுக்குக் கிடைத்த ஒரே பிடி அதுதான்.

கட்டையைத் தட்டில் வைத்துத் துணி போர்த்தியபோது தூறல் விழத் தொடங்கியது. அலுமினியத் தாள் வண்டியில் இருந்தது. வண்டி வரப்புக்கு அந்தப் பக்கம் நின்றது. “எதையாவது போட்டு மூடுங்கக்கா, நனைஞ்சா போச்சு” என்று சொன்னது நான். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் காசி, மீராவுக்கு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். தலையில் கட்டியிருந்த பச்சைக்கரைத் துண்டை அவிழ்த்து, உதறி, இரண்டு கைகளாலும் நீட்டினார். அக்கா வாங்கி மூடினார். ஜெயராஜ் அண்ணன் தாளோடு ஓடிவர ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். துண்டைத் திருப்பிக் கொடுத்தோம். காசி அதை மறுபடியும் தலையில் கட்டிக்கொண்டார். குறிப்பேட்டில் நான் மழையை எழுதினேன். துண்டை எழுதவில்லை.

தோட்டத்துக்காரருக்கும் காசிக்கும் தண்ணீர் முறையில் முன்பு ஒரு வாய்த்தகராறு இருந்திருக்கிறது. அதனால் ஆய்வாளர் காசியைச் சந்தேகப்பட்டார். ஐந்து ஜாடிகளில் மூன்றாவது காசியுடையது. மீரா தயங்கவே இல்லை. நேராகப் போய் மூன்றாவது ஜாடியின் முன் உட்கார்ந்தது. அன்று பிற்பகலே காசியைக் கைது செய்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இவ்வளவு நாள் துணி வேகவைத்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

நான்காவது நாள் காசியின் மனைவி பேச்சியம்மா நாய்க்கூடத்துக்கு வந்தார். அழவில்லை, கெஞ்சவில்லை. அந்த நாயைப் பார்க்க வேண்டும் என்றார். அக்கா மீராவை வெளியே கூட்டிவந்தார். பேச்சியம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது பொய் சொல்லுமா?”

“சொல்லாது ஆத்தா.”

“எம் புருசனும் சொல்ல மாட்டாக. அப்ப யாருதேன் சொல்றது?”

வெயிலில் நடந்து வந்திருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஆண்கள் தலையில் கட்டும் துண்டு, ஓரத்தில் பச்சைக் கரை. அது யாருடையது என்று அக்கா கேட்டார். அவருடையதுதான், வேறு யாருடையதாக இருக்கும் என்றார் பேச்சியம்மா. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தக் கரையை நானும் பார்த்துவிட்டிருந்தேன். அக்கா அப்படியே திண்ணையில் உட்கார்ந்தார். பேச்சியம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அன்று மழையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு, “நாயி பொய் சொல்லல ஆத்தா. நாந்தேன் தப்பாக் கேட்டுட்டேன்” என்றார்.

உடனே ஆய்வாளரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் அப்போது பட்டது. அறிக்கை போய்விட்டது, ஐந்து நிமிடத் துண்டு அப்படி என்ன செய்துவிடும், காசி உண்மையிலேயே அடித்தவனாக இருந்தால் என்ன செய்வது, நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். வெளியே வந்ததும் நானும் அதையே வேறு வார்த்தைகளில் அக்காவிடம் சொன்னேன். உறுதியாகத் தெரியாமல் எழுத்தில் கொடுப்பது சரியா என்று கேட்டேன். அவர் நடையை நிறுத்தாமல், “உறுதியாத் தெரியாமத்தான அந்தாள உள்ள வச்சிருக்கோம்?” என்றார். 

உறுதி வேண்டுமானால் சோதித்துப் பார்க்கலாம் என்று அவரே முடிவு செய்தார். துணைக் கண்காணிப்பாளரை நேரில் பார்த்து அனுமதி வாங்கினார். மரக்கடையிலிருந்து புதிதாக அறுத்த கட்டை ஒன்றைக் கொண்டுவந்து, வெந்நீரில் கழுவி, கையுறையோடு தட்டில் வைத்து அதே அளவுத் துணியைப் போர்த்தினோம். அதன் மேல் காசியின் துண்டை ஐந்து நிமிடம் போட்டு எடுத்தோம். மீதியெல்லாம் அன்று போலவே. காசி அந்தக் கட்டையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மறுநாள் துணைக் கண்காணிப்பாளர் முன்னால் ஐந்து ஜாடிகளை வைத்தோம். காசியின் ஜாடி எது என்று அக்காவுக்கும் தெரியாதபடி அவர் வெளியே போன பிறகு நான் வரிசையை மாற்றி வைத்தேன். மீரா காசியின் ஜாடி முன்னால் உட்கார்ந்தது. இரண்டாம் முறை மாற்றினேன். மறுபடியும் அங்கேயே உட்கார்ந்தது. அக்கா வழக்கம்போல அதன் தலையைத் தடவி, நன்றாகச் செய்தாய் என்றார். 

அன்று மாலை வாக்குமூலம் எழுதினார். ஒரே பக்கம். தூறல், தட்டு, துண்டு, ஐந்து நிமிடம் எல்லாம் அதில் இருந்தன. “அந்தத் துண்டை வாங்கி மூடியது நான்” என்று இருந்தது. என்னிடம் படிக்கக் கொடுத்தார். மூடச் சொன்னது நான் என்ற வரி அதில் இல்லை. அதையும் எழுதுங்கள் என்றேன். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது அவருக்குத் தெரியும். அதை அவர் சொல்லிக்காட்டவில்லை.

“நீ வாயால சொன்ன. வாயி துணியில ஒட்டாது. ஒட்டுனது எங் கைதேன்.”

இரண்டாம் முறை நான் வற்புறுத்தவில்லை. நானே ஒரு தாளை எடுத்து எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

காசி நாற்பத்தொரு நாள் கழித்து வெளியே வந்தார். வேறு எந்தச் சான்றும் இல்லாததால் பின்னர் அவர் பெயரை வழக்கிலிருந்து நீக்கினார்கள். கவனக்குறைவுக்கு விளக்கம் கேட்டு அக்காவுக்குக் கடிதம் வந்தது. அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. மீராவிடமிருந்து பிரித்து லோயர் கேம்ப் சோதனைச் சாவடிக்கு அனுப்பினார்கள். மலைக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்புகளை நிறுத்திப் பார்க்கும் வேலை. ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஜீப் நிறையப் பெண்கள். ஒருத்தி, “என்னக்கா, நாய விட்டுட்டு நீங்களே மோந்து பாக்கீகளாக்கும்?” என்று கேட்டாள். அக்கா அவளுடைய தூக்குவாளியைத் திறந்து மோந்து, “புளிக்கொழம்பு. உப்புக் கம்மி. போ” என்றார். ஜீப்பே சிரித்தது. எட்டு மாதத்தில் திரும்பி வந்தார். மீரா அவரை வாசலிலேயே கீழே தள்ளிவிட்டது.

அவரைப் புகழ்வதோடு இதை முடித்துக்கொண்டால் அவருக்கே பிடிக்காது. அந்தப் பெண்மணியை அடித்தவன் இன்றுவரை கிடைக்கவில்லை. கட்டையில் இருந்த உண்மையான வாடையோடு காசியின் வாடையைக் கலந்துவிட்டோம். பிறகு யாரைக் கொண்டுவந்து நிறுத்தியும் பயனில்லாமல் போயிற்று. அந்தம்மாவின் கணவர் நீதிமன்ற வாசலில் எல்லோர் முன்னாலும், அடித்தவனை விட்டுவிட்டு உத்தமி பட்டம் வாங்குகிறீர்களா என்று அக்காவைக் கேட்டார். அக்கா குனிந்து நின்று கேட்டுக்கொண்டார். வண்டியில் ஏறிய பிறகு, “அவுக கேக்குறது சரிதேன். ரெண்டு வீட்டுக்குத் தப்புப் பண்ணிட்டோம். ஒண்ணத்தேன் சரிபண்ண முடிஞ்சுச்சு” என்றார். ‘பண்ணிட்டோம்’ என்று பன்மையில் அவர் சொன்னது அந்த ஒருமுறைதான்.

அடக்கத்துக்கு ஊர் முழுக்கத் திரண்டிருந்தது. சீருடையில் பாதிப் பேர், தோட்டத்திலிருந்து அப்படியே வந்தவர்கள் பாதிப் பேர். அவருடைய மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மாவின் வாடையை ஜாடியில் எடுத்துவைக்க முடியுமா என்று கேட்டாள். முடியும், ஆனால் அதை நீயோ நானோ மோந்து அறிய முடியாது, மீராவுக்குத்தான் தெரியும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் அம்மாவின் புடவை ஒன்றை மீராவுக்குக் கொடுத்துவிடுங்கள், துவைக்காமல் தருகிறேன் என்றாள். கொடுத்தோம்.

கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரமாகக் காசி நின்றிருந்தார். பக்கத்தில் பேச்சியம்மா. மண் போட்டு முடிந்ததும் அவரிடம் போனேன். எத்தனையோ விதமாகச் சொல்ல நினைத்துவைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான். அன்றைக்கு எதையாவது போட்டு மூடச் சொன்னது நான், அக்கா இல்லை என்றேன்.

“தெரியும்மா” என்றார் காசி. “நானும் அங்கனதான நின்னேன்.”

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“யாரு கேட்டா? அம்புட்டுப் பேரும் நாயிகிட்டத்தேன் கேட்டாக. மண்ணுக்குள்ள போன இந்தம்மா மட்டுந்தேன் ஜெயிலுக்கு வந்து, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எங்கிட்டக் கேட்டாக. நீங்க சொன்னதையும் சொன்னேன். அது எனக்குத் தெரியும், அதெ விடுங்கன்னுட்டாக.”

பேச்சியம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் மன்னிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தேடி நான் போகவும் இல்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்தேன். குறிப்பிட்ட வழக்கில் தடயத்தைத் துண்டால் மூடும்படி சொன்னது நான், அதைக் குறிப்பேட்டில் எழுதாமல் விட்டதும் நான், தலைமைக் காவலர் சவரியம்மாளின் வாக்குமூலத்தோடு இதையும் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதிகாரி படித்துவிட்டு, அவரே போன பிறகு இப்போது எதற்கம்மா இது என்று கேட்டார். அவர் இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டும் சார் என்றேன். பெற்றுக்கொண்டதாக முத்திரை வைத்துக் கொடுத்தார். இதனால் எனக்கு வருவது வரட்டும். கடிதத்தைக் கொடுத்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அக்காவோடு வேலை செய்தவர்களும், விளக்கம் கேட்டு வந்த அந்தக் கடிதத்தை நம்பி அவரைக் கவனக்குறைவானவர் என்று பேசியவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் முழுவதையும் எழுதியிருக்கிறேன்.

அவர் திரும்பி வந்த பிறகு எங்கள் படிவத்தில் ஒரு கட்டத்தைச் சேர்க்க வைத்தார். ‘பொருளைத் தொட்டவர்கள், அருகில் நின்றவர்கள், நாம் உட்பட’ என்பது அதன் தலைப்பு. யாரும் அதை ஒழுங்காக நிரப்புவதில்லை, நானும் நிரப்பியதில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கட்டத்தைத்தான். நேற்று சின்னமனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் பீரோ உடைத்த வழக்கு. ஜாடியைத் திறக்கும் முன், வாசலில் நின்ற ஒவ்வொருவரிடமும் போய், இங்கே என்ன பார்த்தீர்கள், யார் எதைத் தொட்டார்கள் என்று கேட்டேன். ஒரு மணி நேரம் பிடித்தது. ஆய்வாளர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு பெயர்களை எழுதினேன். முதலாவது என் பெயர்.